அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்ட கருத்து

ரசிகர்களைக் கேட்டுக் கதையைத் திருத்துவது நல்ல பழக்கம்தான். நான் அதை ஒருநாளும் எதிர்த்ததில்லை. ஆனால் கேட்கிற லட்சணம் என்று ஒன்று இருக்கிறதே!

நான் வசனம் எழுதிக்கொண்டிருந்த தொடரில், அடித்த கணவனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்தான் கதாநாயகி. அவள் தனியே பிழைப்பதா, திரும்பிப் போவதா என்பதில் சேனலுக்குக் குழப்பம். ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று திருச்சி தில்லை நகரில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவள், பக்கம்தானே என்று என்னையும் வரச் சொன்னார்கள்.

அழைப்பிலேயே கோளாறு. குடும்பத்தோடு வாருங்கள், ஹாட்பாக்ஸ் பரிசு என்று போட்டிருந்தார்கள். குடும்பத்தோடுதான் வந்தார்கள். மாமியார் பக்கத்தில் மருமகள், அம்மா பக்கத்தில் மகள். இப்படி உட்கார வைத்துவிட்டு, அவள் புருஷன் வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று மைக்கை நீட்டினால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? மைக் பெரியவர்களிடமே சுற்றிச் சுற்றி வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, பெண் என்றால் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும், அவளைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள் என்றார். மண்டபமே கை தட்டியது. சேனல் பொறுப்பாளருக்கு முகமெல்லாம் பல்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அந்த அம்மாளின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் கணவனின் அடி பொறுக்காமல் தாய்வீட்டுக்கு வந்தவளாம். குழாயை மூடாமலேயே தணிந்த குரலில் பேசினாள்.

"அவளை அனுப்பிடாதீங்க மேடம். டிவில அவளே போகல பாரும்மான்னு சொல்லித்தான் அம்மாகிட்ட நாளைக் கடத்திட்டு இருக்கேன். அவ போயிட்டா நானும் போகணும்."

நேராகப் பொறுப்பாளரிடம் போனேன். அவளைக் காட்டிக்கொடுக்காமல், பெண்களைத் தனித்தனியாக உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள், பதில் தலைகீழாக வரும் என்றேன். எல்லாரும் கை தட்டியதை நீங்களும்தானே பார்த்தீர்கள் என்றார் அவர். பார்த்தேன் ஐயா, யார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்த்தேன். சொன்னால் மண்டையில் ஏறினால்தானே? இன்னொரு தடவை மண்டபம் பிடிக்க முடியாதாம்.

அவள் திரும்பிப் போகிற காட்சியை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன பெரிய வீராப்பு! வேறொருவரை வைத்து எழுதி முடித்தார்கள். கதாநாயகி பெட்டியோடு போய் மாமியார் காலில் விழுந்தாள். கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வசனம் என்று மட்டும் என் பெயரே ஓடியது. போனில் கத்தித் தீர்த்தேன். டைட்டிலை மாற்ற நேரமில்லை என்றார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

சில வாரம் கழித்து ராஜகோபுரத்துக்கு எதிரே பூ வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா எழுதிட்டீங்கம்மா. எங்க பொண்ணும் அதைப் பார்த்துட்டு மறுபேச்சு பேசாம பெட்டியை எடுத்துட்டா. நேத்துதான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம்."