வால் பக்கத்து விசிறி

வெள்ளம் வடிந்தபோது, மறிச்சுக்கட்டியிலுள்ள எங்கள் காணியின் ஓரத்தில் சண்டைக்காலத்துத் தோட்டாப் பெட்டிகள் வெளியே தெரிந்தன. பாதை உடைந்துகிடந்ததால் அவற்றை ஏற்றிப்போகப் படையினர் ஹெலிகொப்டரில் வந்தார்கள். அது கிளப்பிய காற்றில் என் மிளகாய்க் கன்றுகள் வேரோடு பறந்தன.

காணாமற்போன தம்பியைத் தேடி இராணுவ முகாம் முகாமாக அலைந்தவன் நான். சீருடையைக் கண்டாலே இரத்தம் கொதிக்கும். நிறுத்தாமல் இரைந்துகொண்டிருந்த ஹெலிகொப்டரின் பின்பக்கத்தை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

ஒரு சிப்பாய் தன் கையிலிருந்த பெட்டியைக் கவனமாக நிலத்தில் வைத்துவிட்டு, பாய்ந்துவந்து என்னைச் சேற்றில் விழுத்தினான். எழும்பிய வேகத்தில் அவன் கன்னத்தில் அறைந்தேன்.

"என்ர காணிக்குள்ள என்னையே தள்ளுறியோ?"

அவன் திருப்பி அடிக்கவில்லை.

"ஐயா, அங்க பாருங்க!" என்று கொச்சைத் தமிழில் கத்தி, வால் பக்கம் கையைக் காட்டினான்.

அங்கே சிறிய விசிறியொன்று கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில், என் தலையுயரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டுத்தான் இருந்தது.

அவன் கன்னத்தைத் தடவியபடி பெட்டியைத் தூக்கப் போய்விட்டான். நான் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என் கோபம் இன்றும் ஆறவில்லை, ஆறவும் மாட்டாது. ஆனால் அந்த அறையை வாங்கவேண்டியவன் அவனல்ல.