எடை பார்த்துக் கொடுத்த பவர் சப்ளை

மூன்று வருடங்களுக்கு முன், பெரும்போக நெல் அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, மாத்தளை மாவட்டத்து லக்கலையில் ஒரு சின்னக் கிராமத்தில் நடந்தது இது.

அப்போது நான் ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன், யட்டவத்தையில் மிளகு பறித்தேன், கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பழைய மெஷின்களைக் கழற்றினேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. படுக்க இடம் கிடைக்காத நாட்களில் பஸ் தரிப்பில் படுத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுளம்புக்கடி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்தக் கொழும்புக் கடையில்தான் பவர் சப்ளை பார்க்கப் பழகினேன். கம்பியூட்டருக்குள் ஒரு தகரப் பெட்டி இருக்கும், செங்கல் அளவில். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அளவாகப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது மட்டமானதாக இருந்தால் ஒருநாள் தானும் வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வெளியே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்ப முடியாது. அதில் எந்த இலக்கமும் அடிக்கலாம். அதனால் நாங்கள் கையில் தூக்கிப் பார்ப்போம். நல்ல பெட்டிக்குள் செம்புச் சுருளும் அலுமினியத் தகடும் நிறைய இருக்கும், பாரமாக இருக்கும். மட்டமான பெட்டிக்குள் பாதி காற்று. கண்ணை மூடிக்கொண்டு நான் தூக்கிச் சொல்வேன், மற்றவர்கள் திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் கடையில் நான் குடித்த தேத்தண்ணியில் பாதி இப்படிப் பந்தயத்தில் ஜெயித்ததுதான்.

லக்கலைக் கிராமத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இந்த ஊர்ச் சிங்கள விவசாயி ஒருவரைக் கல்யாணம் முடித்து வந்தவர். முப்பது வயது இருக்கும். வீட்டின் முன்னறையில் ஒரு கம்பியூட்டரும் பிரிண்டரும் வைத்து, ஊராருக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பார். அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற எந்தக் காகிதமும் முதலில் அந்த அறைக்குத்தான் வரும்.

நான் போனபோது அந்தக் கம்பியூட்டர் செத்துக் கிடந்தது. கரண்ட் கூடிக் குறைந்ததில் பவர் சப்ளை எரிந்துவிட்டிருந்தது. என் சாக்கில் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. வெள்ளி மாதிரி மினுங்கின. தூக்கிப் பார்த்திருந்தேன், இரண்டும் நல்ல பாரம். ஒன்றைக் கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் கிடந்த உடைந்த தண்ணீர் பம்பையும் ஒரு சைக்கிள் சட்டத்தையும் எடுத்துக்கொண்டேன்.

"நல்லதுதானாண்ணே? இதுக்குள்ளதான் ஊர்ப் படம் பூராவும் இருக்கு" என்று கேட்டார்.

என்ன படம் என்று விசாரித்தேன். ஆறு மாதமாக யானைகள் இடித்த சுவர்கள், மிதித்த வயல்கள், சாய்த்த வாழைகள் எல்லாவற்றையும் போனில் பிடித்து, திகதி போட்டு அந்த மெஷினுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். மின்சார வேலி கேட்டு ஊரே மனுக் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். போன்களில் இருந்தவை இடம் போதாமல் எப்போதோ அழிந்துவிட்டன. வேறு பிரதி இல்லை.

"என் கை பொய் சொல்லாது தங்கச்சி" என்றேன்.

நானே மாட்டிக் கொடுத்திருக்கலாம். கடைசி பஸ் புறப்படும் நேரம். தானே மாட்டிக்கொள்வதாக அவரும் சொன்னார். லைன் வேலை நடப்பதால் ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகுதான் கரண்ட் வரும், அப்போது போட்டுப் பார்ப்பேன் என்றார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஞாயிறு காலை மாத்தளையில், நான் வழக்கமாகச் சாமான் போடுகிற பழைய இரும்புக் கடையில் இருந்தேன். கடைக்காரர் முஸ்லிம், வயதானவர், நான் நானா என்று கூப்பிடுவேன். மற்ற வெள்ளிப் பெட்டியின் மூலை நசுங்கி இருந்தது. இனி யாரும் வாங்க மாட்டார்கள், செம்பையாவது பிரிக்கலாம் என்று உளியை வைத்து அடித்தேன். மூடி திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு இரும்புக் கட்டி டங்கென்று சிமெந்துத் தரையில் விழுந்தது. எந்த வயரோடும் சேராத, சும்மா பசை போட்டு ஒட்டியிருந்த வெறும் இரும்பு. அதை எடுத்துவிட்டால் மீதிப் பெட்டி வெறுந்தகரம் மாதிரி இருந்தது. பலகையில் சாமான் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் காலி.

நானா அந்தக் கட்டியை எடுத்துக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "இது ஒங்கட கைக்கெண்டே செஞ்ச சாமான் போல ஈக்கி" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எடை பார்த்து வாங்குகிறவனை ஏமாற்ற எடையையே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறான், கெட்டிக்காரன். சிரித்து முடிக்கும்போதுதான் லக்கலையில் இருக்கிற மற்றப் பெட்டி ஞாபகம் வந்தது. மத்தியானம் கரண்ட் வரும். அந்தப் பெண் சுவிட்சைப் போடுவார். ஊர்ப் படம் பூராவும் போய்விடும். அவருடைய போன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். விற்ற சாமானைப் பற்றி அதுவரை நான் திரும்பி யோசித்ததே இல்லை. அடுத்த ஊர், அடுத்த சாக்கு, அப்படியே போய்க்கொண்டிருந்தவன். அன்றைக்கும் போகாமல் இருந்திருக்கலாம், யாரும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மூலையில் குவிந்து கிடந்த பழைய பவர் சப்ளைகளைக் காட்டினார்.

"வெறுங்கையோட போய் என்ன செய்ய? அதுல ஈக்கிறத்த அள்ளிக்கிட்டுப் போங்க. ஒண்டாவது தேறும்."

ஐந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போகிற வழியில் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக மடியில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று நல்ல பாரமாக இருந்தது. இதற்குள் என்ன கட்டியோ என்று நினைத்ததும் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டு ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பஸ் மாற நாவுலையில் இறங்கினால் லக்கலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது மூன்று மணிக்குப் பிறகு. உர மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போன ஒரு கை டிரக்டர்காரரைக் கெஞ்சி மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் ஒரு கொம்பன் யானை ரோட்டின் நடுவில் நின்று கிளையை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. டிரக்டர்காரர் இஞ்சினை நிறுத்தி, வெற்றிலைப் பையை அவிழ்த்தார். எவ்வளவு நேரமாகும் என்று சிங்களத்தில் கேட்டேன். அது அவரிடம் கேட்க வேண்டியதில்லை, முன்னால் நிற்பவரிடம் கேட்க வேண்டியது என்றார். நான் அவசரமாகப் போகிற காரணத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யானைக்கு வேலி போட வேண்டும் என்று காட்டத்தானே அந்தப் படங்கள், அதனால்தான் ஐயா வழியை மறித்து நிற்கிறார் என்றார். முக்கால் மணித்தியாலம் நின்றோம்.

கிராமத்து முனையில் இருந்த கடையைத் தாண்டும்போது உள்ளே மேசை விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். கரண்ட் வந்துவிட்டது. டிரக்டரிலிருந்து குதித்து ஓடினேன். அந்தப் பெண்ணின் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நின்றார்கள். வீட்டுக்குள்ளிருந்து எரிந்த வாடை வந்தது.

என்னைக் கண்டதும் அவர் வாசலுக்கு வந்தார். "வாங்கண்ணே. ஒங்க பொட்டி வெடிச்சிருச்சு" என்றார்.

சாக்கை நழுவவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல.

"ஐயோ, படமெல்லாம் பத்திரமா இருக்குண்ணே. நான் அத மூலையில கெடந்த வேற ஒரு செத்த மிஷின்லதான் போட்டுப் பாத்தேன். காட்டுல புதுசா ஒரு காளான பாத்தா நேரா கறி வச்சிருவோமா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நடந்தது இதுதான். மாட்டுவதற்கு முன், எரிந்துபோன தன்னுடைய பழைய பெட்டியை நான் கொடுத்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பழையதன் வயர்கள் தடிப்பு. என்னுடையதில் எல்லாம் நூல் மாதிரி. "இவ்வளவு பாரமான பொட்டிக்கு இவ்வளவு சன்ன வயரான்னு யோசிச்சேன்" என்றார். பிறகு விசிறி ஓட்டைக்குள் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பலகையில் பாதி இடம் காலி. நானும் மாத்தளையில் விழுந்த இரும்புக் கட்டியைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் மாதக்கணக்காக இந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தவன் நான். ஒரு தடவைகூட வயரையும் எடையையும் சேர்த்து யோசித்ததில்லை.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. படங்கள் உள்ளே பத்திரமாக இருந்தன, வெளியே எடுக்கத்தான் மெஷின் ஓடவில்லை. காலையில் அதிகாரிகள் வந்துவிடுவார்கள். சாக்கிலிருந்த ஐந்தையும் பாயில் கொட்டி, மூடிகளைக் கழற்றினேன். தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்த்தோம். ஒன்றில் சின்ன உருளைகள் தலை ஊதிக் கிடந்தன, தள்ளி வைத்தோம். இரண்டில் பலகை காலி. பஸ்ஸில் எனக்குப் பாரமாகத் தெரிந்த நாலாவதில் கட்டி இல்லை, ஆனால் சுருள் கருகி இருந்தது. ஐந்தாவது துருப் பிடித்து, தூசி அப்பி, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உள்ளே மூன்று பல்லி முட்டைகள். ஆனால் வயர்கள் தடிப்பு, சுருள்கள் பெரிது, பலகையில் ஒரு இடம்கூடச் சும்மா இல்லை.

"இதுதாண்ணே" என்றார் அவர். ஒரு வயதான விவசாயி எட்டிப் பார்த்து, பல்லியே நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறது, நாம் நம்பினால் என்ன என்று சொன்னார். பழைய பல் துலக்கியால் தூசியைத் தட்டி, முதலில் அந்தச் செத்த மெஷினில் மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அப்படியே ஒரு மணித்தியாலம் ஓடட்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் எல்லோருக்கும் மரவள்ளிக் கிழங்கும் காரமான கட்டச் சம்பலும் வந்தன. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நடுநடுவே யாராவது எழுந்துபோய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று வந்து சொன்னார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு அதைக் கழற்றி, படங்கள் இருந்த நல்ல மெஷினில் மாட்டினேன். சுவிட்சை என்னைப் போடச் சொன்னார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்களே போடுங்க தங்கச்சி. என் கை பண்ணினது போதும்."

அவர் போட்டார். ஒரு சின்னச் சத்தம், ஒரு நீல வெளிச்சம், பிறகு திரை முழுக்க இடிந்த ஒரு மண் சுவர். பின்னாலிருந்து ஒரு ஆள், அது எங்கள் வீட்டுக் குசினி என்று சந்தோஷமாகக் கத்தினார். அடுத்த படத்துக்கு இன்னொருவர், என் வாழைத்தோட்டம் என்றார். தங்கள் வீடு உடைந்து கிடப்பதைப் பார்த்து அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பொழுது சாயும்வரை பிரிண்டர் ஓடியது. முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்தோம். கடைசியில் சிவப்பு மை தீர்ந்து, மீதி வயல்களும் சுவர்களும் பச்சையாக வந்தன. பரவாயில்லை என்று அவற்றையும் ஒட்டினோம்.

அன்று அந்த வீட்டு விறாந்தையில் தங்கினேன். மறுநாள் வந்த அதிகாரிகள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று பார்த்தார்கள், திகதிகளை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் பச்சை வயலைக் காட்டி இது என்ன என்று கேட்க, மை தீர்ந்துவிட்டது ஐயா, யானை தீரவில்லை என்று அந்தப் பெண் சொன்னதில் அவரும் சிரித்துவிட்டார். அடுத்த வருடம் நான் அந்தப் பக்கம் போனபோது வயல் ஓரமாக வேலிக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். முதல் தடவையாக ஒரு ஊரில் என்னைக் கண்டதும் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு என்ன இரும்புக் கட்டி கொண்டுவந்திருக்கிறாய் என்று ஒருவர் கேட்டார்.

இப்போதும் நான் ஓரிடத்தில் தங்குகிறவனில்லை, ஆனால் எதைக் கொடுத்தாலும் திறந்து காட்டித்தான் கொடுக்கிறேன். ஒரு ஊரைவிட்டுப் போவது எப்போதும் எனக்கு லேசான காரியம்தான், அதே ஊருக்குத் திரும்பிப் போக முடிகிற மாதிரி போவது அதைவிட எவ்வளவு சந்தோஷம் என்பதை லக்கலையில்தான் தெரிந்துகொண்டேன்.