தேய்த்தும் போகாத கறை

நல்லம்பள்ளிப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். பெண், மாப்பிள்ளை, மாமன், மச்சான் எல்லோரும் உதட்டை ஒட்டிக்கொண்டுதான் சிரிப்பார்கள். போட்டோக்காரரே, "வாய மூடிக்கிட்டு சிரிங்க" என்பார். எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தால் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடுதான் முளைக்கும். இதற்கெல்லாமா வெட்கப்படுவது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கென்ன, வெள்ளைப் பல்.

என் பக்கத்து வீட்டு மணிமேகலைக்கும் சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கேம்களுக்குப் படம் வரைகிறாள். மீட்டிங்கில் கேமராவைப் போடவே மாட்டாள். "நெட்டு சரியில்லீங்க சார்" என்று எப்போதும் அதே பொய்.

'பளிச் பாப்பா' என்ற கேமை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். குழந்தைகளுக்குப் பல் தேய்க்கக் கற்றுத்தருவது. பழுப்புப் பல்லோடு ஒரு பாப்பா வருவாள். விரலால் பிரஷ்ஷை இழுத்துத் தேய்த்தால் கறை போய்ப் பல் மின்னும், கைதட்டல் கேட்கும். படமெல்லாம் மணிமேகலை வரைந்ததுதான். வரையும்போது உன் பல் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். "சொன்னத வரைஞ்சு குடுத்துட்டேன்க்கா. வேல முடிஞ்சா போதும்னு இருந்துச்சு" என்றாள்.

அவள் மகள் யுவராணிக்கு ஏழு வயது. பால்பல் விழுந்து, புதிதாக இரண்டு முன்பற்கள் வந்திருந்தன, கறையோடு. வெளிவருவதற்கு முன் சோதித்துப் பார்க்க வந்த கேமை அம்மாவின் போனில் அவள்தான் முதலில் விளையாடினாள். மறுநாள் காலையில் தொட்டியருகே நின்று தேய்த்த தேய்ப்பில் பிரஷ்ஷெல்லாம் ரத்தம்.

"ஏன்டி இப்பிடிப் போட்டு தேய்க்கிற?"

"கேம்ல போவுதில்ல? எனக்கு மட்டும் ஏம்மா போவல? நான் அழுக்குப் புள்ளயா?"

மணிமேகலை அன்றே வரைய உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் இன்னொரு சிறுமியை வரைந்தாள். புரோகிராம் எழுதும் மாதேஷிடம் கெஞ்சிக் கேமுக்குள் சேர்த்தாள். இவளுக்குத் தேய்த்தால் ஒட்டியிருக்கும் சோறும் மிட்டாயும் போகும், கறை அப்படியே இருக்கும். ஆனாலும் கைதட்டல் உண்டு. அவளும் வாய் நிறையச் சிரிப்பாள்.

அடுத்த மீட்டிங்கின்போது நான் அவள் வீட்டில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முதலாளி பேசினார்.

"மணிமேகலை, இந்தப் புதுப் பொண்ணுக்கு எவ்வளவு தேய்ச்சாலும் கறை போக மாட்டேங்குது. ஏதோ தப்பு இருக்கு. சரி பண்ணிடுங்க."

"தப்பு இல்லீங்க சார்."

"பின்னே? ஒழுங்கா தேய்ச்சா போயிடணும்ல?"

அவள் கேமராவைப் போட்டாள். கை வாய்க்குப் போகவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"நான் தெனமும் ரெண்டு வேள தேய்க்கிறேனுங்க சார்."

யுவராணி ஓடிவந்து, அம்மாவின் தோளுக்கு மேல் தலையை நீட்டி, "நானுந்தாங்க சார்" என்று தன் இரண்டு பல்லையும் காட்டினாள்.