பன்னிரண்டாம் முறையாக முதல் பாடம்

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். எந்தத் துணியையும் இரண்டு தடவை அளக்காமல் கத்திரி வைக்க மாட்டாள். தம்பியின் சான்றிதழ்களையும் அதே கவனத்தோடுதான் பாதுகாத்து வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறையின் மூலையில் தேதி, எல்லாவற்றையும் கோர்த்த நீலக் கோப்பு ஒன்று. மொத்தம் பதினொன்று. சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்குள் தண்ணீர்ச் சொம்பும் அந்தக் கோப்பும் கைக்கு வந்துவிடும். சான்றிதழ்கள் எல்லாம் வெளிநாட்டு எழுத்தில் இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. இருந்தாலும் தங்க முத்திரையைப் பார்த்து, "பதினொரு படிப்பா!" என்று வாயைப் பிளப்பார்கள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

தம்பி எட்டாம் வகுப்போடு நின்றவன். பதினைந்து வருடம் பஞ்சர் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடைக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட கூடத்தில் ஒன்பது வருடமாகச் சபை நடத்துகிறான். நாற்பத்து மூன்று பேர். ஜெபத்துக்கு வரும்போது சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஜெபம் முடிந்ததும் அங்கியை மடித்து வைத்துவிட்டு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பான். அக்கா நாலு பேர் முன்னால் அவனை "பாஸ்டர், வாங்க" என்பாள். வீட்டுக்குள் வந்தால் "டேய்" தான்.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எட்டுப் பாடங்கள் கொண்ட போதகர் பயிற்சியை முடிக்காதவர்கள் இந்த மாதக் கடைசியில் சபையை ஒப்படைத்துவிட வேண்டும், கல்லூரியில் படித்த வேறொருவர் அனுப்பப்படுவார் என்று எழுதியிருந்தது. தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா சிரித்தாள்.

"எட்டுதானேடா கேக்குறாங்க? நம்மகிட்ட பதினொண்ணு இருக்கு. மிச்சம் மூணு அவங்களுக்கு இனாம்."

ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் பாடத்தின் பெயர். கோப்பைப் பிரித்தாள்.

"இது எந்தப் பாடம்?"

"முதல் பாடம்க்கா."

"சரி. இது?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அதுவும் முதல் பாடந்தான்."

"இந்தத் தங்க ஓரம் போட்டது? இதுக்குப் போகத்தானே என்னைப் புதுச் சட்டை தைக்கச் சொன்னே?"

"அது வந்து... முதல் பாடம். ஆனா ரொம்ப நல்லா நடத்தினாங்கக்கா."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பதினொன்றையும் கேட்டு முடித்தாள். பதினொன்றும் முதல் பாடம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு முறையும் தூர தேசத்திலிருந்து ஒரு குழு வரும். போன முறை வந்தவர்கள் வேறு, இந்த முறை வருபவர்கள் வேறு. ஒருவரை ஒருவர் தெரியாது. முதல் நாள் காலையில், "புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். எங்கிருந்தாவது ஒரு புது ஆள் கை தூக்குவார். பாவம், அவரை எப்படி விட்டுவிடுவது? எல்லாருக்குமாகச் சேர்த்து முதல் பாடம் தொடங்கும். அது முடிவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். படம் எடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள்.

முதல் பாடத்தில் நல்ல மேய்ப்பன் யார் என்பது வரும். அதோடு ஆலயப் படிக்கட்டில் உறைந்த பனியை அள்ளுவது எப்படி, கார் நிறுத்துமிடத்துக்குக் கோடு போடுவது எப்படி என்பவையும் வரும். தம்பியின் கூடத்தில் படிக்கட்டே கிடையாது. சபையில் ஒருவரிடமும் காரும் கிடையாது. ஆனால் ஆராதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பு பனியின்மேல் உப்புத் தூவ வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"இத்தனை பேர் உக்காந்திருக்கீங்க. இதைப் படிச்சாச்சுன்னு ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கலை?"

"எப்படிக்கா சொல்றது? அவ்வளவு தூரம் விமானத்துல வர்றாங்க. கால் வீங்கிப் போய் இறங்குறாங்க. மூஞ்சிக்கு நேரா, இது எங்களுக்குத் தெரியும்னு சொன்னா மனசு உடைஞ்சு போயிடாதா?"

"அவங்க மனசையே பார்த்துக்கிட்டு இரு, இங்கே உன் சபை கையை விட்டுப் போகப் போகுது. திங்கக்கிழமை அடுத்த பயிற்சி. எழுந்து நின்னு ரெண்டாம் பாடம் வேணும்னு கேக்குறே. அவ்வளவுதான்."

ஞாயிறு மத்தியானம் அவனைத் தையல் மெஷின் முன்னால் நிறுத்தி ஒத்திகை பார்த்தாள். மெஷின்தான் வெளிநாட்டு விருந்தாளி. தம்பி தொண்டையைச் செருமினான். "ஐயா, வணக்கம். பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? சாப்பாடு ஒத்துக்குதா?" அதற்கு மேல் வாய் வரவில்லை. மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் சாப்பாட்டிலேயே வந்து நின்றான்.

திங்கள் காலை அக்காவும் போனாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பது அவள்தான். பைகளை அடுக்கி வைத்துவிட்டு, நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு மின்விசிறிகள், அவற்றில் மூன்று மட்டும் சுற்றின. தலைமை அலுவலகச் செயலாளர் முன்வரிசையில் இருந்தார். தொடக்க நாள் படத்தில் அவர் முகம் இல்லாமல் இருந்ததே இல்லை.

வந்தவர் நெட்டையான முதியவர். வெயிலில் முகம் சிவந்து கிடந்தது. புன்னகை மட்டும் வாடவில்லை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு முறையும் அவர்தான்.

புதியவர் உண்டா என்று கேட்டார்கள். போன வாரம் ஜெபக் குழு தொடங்கிய ஒரு பஸ் கண்டக்டர் உற்சாகமாகக் கை தூக்கினார். அக்கா பல்லைக் கடித்தாள். முதல் பாடம் தொடங்கியது.

அந்தப் பாடத்தில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஒரு மேய்ப்பன் ஆடுகளை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டானாம். தூக்கம் வராதவர்கள் மனதுக்குள் ஆடு எண்ணுவது அவர்கள் ஊர் வழக்கம். இங்கே அது தெரியாததால், இதில் என்ன சிரிப்பு என்று பதினொரு தடவையும் யாருக்கும் விளங்கவில்லை. வீட்டில் அக்கா கேட்டதற்கு, "ஆடு மேய்க்கிறவன் தூங்கலாமா? அதான் சிரிப்புன்னு நினைக்கிறேன்" என்று தம்பி சொல்லியிருந்தான். விளங்காவிட்டாலும் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்துவிடுவார்கள். விருந்தாளி ஆயிற்றே.

அன்று முதியவர் கதைக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தார். மொழிபெயர்ப்பாளரோ பழக்க தோஷத்தில் நிற்கவில்லை. ஆட்டை எண்ணினார், மேய்ப்பனைத் தூங்க வைத்தார், கதையை முடித்தே விட்டார். நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார்.

முதியவர் தம்ளரை வாயிலிருந்து எடுத்தார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ கேட்டார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே, ஏன் சிரிக்கிறாங்கன்னு ஐயா கேக்குறாரு" என்று மொழிபெயர்ப்பாளர், யாரோ செய்த தப்பைப் போலச் சொன்னார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் செருப்பைப் பார்த்தார். தம்பியின் கழுத்து வியர்ப்பது கடைசி வரிசை வரை தெரிந்தது. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"பாஸ்டர், எழுந்திருங்க" என்றாள். அசைவில்லை. "டேய்! எழுந்திருடா!"

தம்பி எழுந்தான். "ஐயா, வணக்கம். பயணமெல்லாம் சௌகரியமா..." என்றவன், அக்காவின் கண்ணைப் பார்த்ததும் வேறு வழி இல்லாமல் சொல்லிவிட்டான். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாடம் எங்களுக்கு ஏற்கெனவே நடத்திட்டாங்க. ரெண்டாம் பாடம் இல்லேன்னா என் சபை போயிடும். நாப்பத்து மூணு பேர் இருக்காங்க ஐயா."

எத்தனை தடவை நடத்தினார்கள் என்று முதியவர் கேட்டார். அக்கா விடுவிடென்று முன்னால் போய் கோப்பைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு உறையாகப் புரட்டப் புரட்ட அவர் முகத்தின் சிவப்பு இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்றாவது வந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஐயா சொல்றாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர், இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து. "பயிற்சி முடிஞ்சதும் உங்ககிட்ட கருத்துப் படிவம் வாங்குறாங்களாம். அதுல எல்லாரும், மிகவும் அருமை, மறுபடியும் வாருங்கள்னு எழுதியிருக்கீங்களாம். அதைப் படிச்சுட்டுத்தான் ஆள் மாத்தி ஆள் அனுப்பிக்கிட்டே இருக்காங்களாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"சரி, ஆனது ஆச்சு. இந்த வாரம் ரெண்டாம் பாடத்தை நடத்தச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

முதியவர் வெகுநேரம் கையைப் பிசைந்தார். தான் ஓய்வு பெற்ற பல் டாக்டர் என்றார். கிளம்புமுன் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்களாம். அதில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது முதல் பாடம் மட்டும்தான்.

"அப்ப ரெண்டாம் பாடம் யாருக்குத்தான் தெரியும்?"

கேள்வி முன்வரிசைக்குப் போனது. செயலாளர் நெளிந்தார். அவர் படித்திருந்ததும் முதல் பாடம்தான் என்று தெரிந்தது, அதுவும் தொடக்க நாள் மட்டும். இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "விதின்னா விதிதான். எட்டுப் பாடம் முடிக்கணும்" என்றார்.

"முடிக்கிறோம் ஐயா. பாடத்தை அனுப்புங்க, முடிக்கிறோம்" என்றாள் அக்கா. "அனுப்பாம முடிக்கச் சொன்னா எப்படி? துணி கொடுக்காம சட்டை கேக்குற மாதிரி இருக்கே."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றைக்குப் புரிந்து சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான். செயலாளர் பேனாவை எடுத்தார். இரண்டாம் பாடம் வந்து சேரும்வரை கடிதம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா தேதியும் போட வைத்தாள்.

சபை தப்பியது. வாரத்தில் இன்னும் நாலரை நாள் மிச்சம் இருந்தது. நடத்தவோ பாடம் இல்லை. முதியவர் தம்பியைப் பார்த்து, போன வாரம் உங்கள் சபையில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு சாவு விழுந்ததைத் தம்பி சொன்னான். செத்தவரின் மகன்கள் இரண்டு பேரும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வீடு மாடியில், படியோ குறுகல். சவப்பெட்டியின் முன்பக்கத்தை மூத்தவனிடமும் பின்பக்கத்தை இளையவனிடமும் கொடுத்தேன் என்றான்.

"ஏன் அப்படி?" என்று கேட்டார் முதியவர்.

"படி திரும்புற இடத்துல பேசாம இறக்க முடியாதுங்க ஐயா. கொஞ்சம் தூக்கு, மெதுவான்னு சொல்லித்தான் ஆகணும். சொன்னாங்க. கீழே வந்ததும் ரெண்டு பேரும் ஒரே துண்டுல மூஞ்சியைத் துடைச்சாங்க."

முதியவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுதும் அப்படியே போயிற்று. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சபையில் நடந்ததைச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுத்தார்கள். கைவசம் அச்சடித்து வைத்திருந்தது ஒரே வகைதான். அதைத்தான் கொடுத்தார்கள்.

வீட்டில் அக்கா உறையையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "கருத்துப் படிவத்துல ஒழுங்கா எழுதினியா?"

"எழுதினேன்க்கா. தயவுசெய்து இரண்டாம் பாடத்தை அனுப்பவும்னு, கொட்டை எழுத்துல."

"அவ்வளவுதானே?"

தம்பி சட்டைப் பொத்தானைத் திருகினான். "பக்கத்துலயே நின்னாருக்கா. நான் எழுதுறதைப் பார்த்துக்கிட்டே. முகம் வாடிப் போச்சு. அதான் கீழே ஒரு வரி..."

"என்ன வரி?"

"மிகவும் அருமை. மறுபடியும் வாருங்கள்."

அக்கா சான்றிதழை உறையில் நுழைத்தாள். மூலையில் தேதி எழுதினாள். ஓரத்தை இரண்டு தடவை அளந்து துளை போட்டு, பதினொன்றுக்குப் பின்னால் கோர்த்தாள்.