ஸ்பிரிங்கைக் கட்டிய கயிறு

என் காரின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பதற்கென்றே கம்பெனி செய்த கருவி இன்று பார்சலில் வந்தது. பிரித்ததும் எழுந்த கிரீஸ் வாசனையில், இப்போது நான்குவழிச் சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் கீழ்வேளூர் வைக்கோல் கொட்டகையும், அங்கே ஞாயிறுதோறும் பழைய காரைப் பிரித்துப்போட்டுக் குந்தியிருக்கும் அப்பாவும், இப்படியொரு கருவி கிடைக்காததால், திமிறும் ஸ்பிரிங்கை நெற்கட்டு கட்டும் கயிற்றால் அவர் இறுக்கிய அந்த நாளும், கயிறு நார்நாராக முறுகிய சத்தமும் ஒன்றாக வந்து நின்றன.

“அறுந்தா மூஞ்சிலதாங்க அடிக்கும்,” என்றாள் அம்மா, என் கையை இறுகப் பிடித்தபடி.

“அவ்வளவு பெரிய நெல்லுக்கட்டையே தாங்குது, இதத் தாங்காதா? பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போ,” என்ற அப்பா, தன் முகத்தை மட்டும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அன்று கயிறு அறுந்துபோகவில்லை. ஆனாலும் இன்று, கருவியைப் பொருத்தி முடுக்கிய பிறகு, மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அதன்மேல் ஒரு கயிற்றையும் கட்டினேன்.