ஒரே வாசல் அறையில் என் கழுத்து வைத்தியம்

இரண்டு வருடமாக இடப்பக்கம் திரும்பாத என் கழுத்துக்கு இன்று விருதுநகரில் வைத்தியம்.

"அறுக்க மாட்டோம் அண்ணாச்சி. ஊசி வழியா வலி தர்ற நரம்புக்கு மட்டும் சூடு வைப்போம்" என்றார் டாக்டரம்மா.

சூடா? அந்த அறைக்கு ஒரே வாசல்!

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் முப்பது வருடம் போர்மேன் நான். அங்கே மருந்து அடைக்கிற அறைக்கே, தீப்பிடித்தால் தப்பி ஓட நாலு வாசல் உண்டு. அதனால் வாசல் பக்கம் கால் நீட்டித்தான் படுத்தேன்.

எல்லாம் முடிந்தபோது மிஷின் 'பீப்' என்றது. ராக்கெட் மாதிரிப் பாய்ந்தேன். பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன்.

"என்னைய விட்டுட்டு எங்கன ஓடுறீக?" என்று பின்னால், துணைக்கு வந்திருந்த வீட்டம்மாவின் குரல்.

சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வலியே இல்லை!

ஊசியால் என்கிறார் டாக்டரம்மா. ஓட்டத்தால் என்கிறேன் நான்.

இப்போது கழுத்து எல்லாப் பக்கமும் திரும்புகிறது. வீட்டம்மாதான் என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு எந்த ஊரில் ஊசி போடுகிறார்கள், சொல்லுங்கள்.