பன்னிரண்டு நாள் மூத்தவள்

"சிரிப்பை வெளியில வச்சிட்டு வாங்க. போகும்போது எடுத்துக்கலாம்."

பாஸ்போர்ட் படம் எடுக்க யார் வந்தாலும் போட்டோக்காவின் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். வந்தவர் உட்கார்ந்ததும் பின்னால் போய் இரண்டு தோளையும் பிடித்து நேராக்குவாள். காதை மறைக்கும் முடியை விரலால் ஒதுக்குவாள். "தாடையை இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு வேணாம், தூங்கிட்ட மாதிரி இருக்கு." வெள்ளைச் சட்டையில் வருகிறவர்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தால் படத்தில் தலை மட்டும் மிதக்குமாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்தவர்கள் எந்தெந்த நாட்டுக்கெல்லாமோ போய்விட்டார்கள். கோட்டும் போட்டோக்காவும் கடையிலேயே இருக்கிறார்கள்.

சாவிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே இருந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை. மாடியில் வீடு. அங்கே அவளும் அப்பாவும் மட்டும். அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

கைக்குழந்தை வந்தால் தனி வித்தை. தாயை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு வெள்ளைத் துணியால் மூடி, மடியில் பிள்ளையை நிறுத்துவாள். துணிக்குள்ளிருந்து தாயின் கை பிள்ளையைப் பிடித்திருக்கும். படத்தில் பிள்ளை மட்டும்தான் தெரியும். "கை தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான்மா, உள்ளயே இருங்க. மூச்சு விடலாம், பேசக்கூடாது."

எடுத்த படத்தை வெட்டுவதற்கு முன் ஒரு கறுப்பு அட்டையை மேலே வைத்துப் பார்ப்பாள். அட்டை நடுவில் பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டிய துளை. அதற்கு ஜன்னல் என்று பெயர். ஜன்னலுக்குள் முகம் ஒழுங்காக உட்கார்ந்தால் கத்தரி, இல்லாவிட்டால் மறுபடியும் நாற்காலி. கம்ப்யூட்டரே அளவெடுத்துக் கொடுத்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. "கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். என் ஜன்னல் சொல்லணும்" என்பாள்.

மூலை ஸ்டூலில் அப்பா. வயது எண்பத்து நாலு. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், நீள முகம், கூரான மூக்கு. போட்டோக்கா அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். வட்ட முகம், சப்பை மூக்கு. வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "பாருங்க, என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா!" கேட்பவர்கள் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்து முழிப்பார்கள். "மூக்கைப் பாத்தாலே தெரியலையா?" என்று போட்டோக்காவும் கூடச் சேர்ந்துகொள்வாள்.

அவள் எட்டு மாதக் குழந்தையாக, கடல் தாண்டி வேறொரு நாட்டுக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவள். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அன்று அவளை ஏற்றிவந்த பயணப் பத்திரம் இன்றும் மேஜை டிராயரில் இருக்கிறது. அதிலுள்ள படத்தைக் காட்டி அவளே கிண்டல் செய்வாள்: "காது தெரியல, ஒரு கண்ணு மூடியிருக்கு, பிடிச்ச கை வேற தெரியுது. நானா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

இந்த வருஷம் ஒரு புது விதி வந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோக்கள் எல்லாம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், உரிமையாளர் தன் பாஸ்போர்ட் நகலை இணைக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, தனக்குப் பாஸ்போர்ட் இல்லையே என்று. எங்கே போனாள், எடுப்பதற்கு! காமிராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டாள். நாலு படத்தை நிராகரித்தாள். ஐந்தாவது ஜன்னலுக்குள் உட்கார்ந்தது.

நாலு வாரம் கழித்துத் தபால் வந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர் தாடையை இறக்கிக்கொண்டு காத்திருந்தார். "ஒரு நிமிஷம் இருங்கய்யா, என் பாஸ்போர்ட் வந்திருக்கு" என்று உறையைக் கிழித்தாள். உள்ளே ஒற்றைத் தாள். விண்ணப்பதாரர் இந்நாட்டுக் குடிமகள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. எந்த அனுமதியின் பேரில் தங்கியிருக்கிறார் என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் விளக்க வேண்டும். தவறினால் பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை தொடங்கும்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாருக்கோ வந்தது தவறி இங்கே வந்துவிட்டதா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர்தான், அவள் விலாசம்தான். "அம்மா, தாடை சரியா இருக்கா?" என்று பெரியவர் மூன்று முறை கேட்டார். அவள் காதில் விழவேயில்லை.

பாஸ்போர்ட் ஆபீசில் கவுண்டர் குமாஸ்தாவுக்கு அவளை நன்றாகத் தெரியும். "அக்கா எடுத்த படமா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமே" என்று சிரித்தபடி திரையைப் பார்த்தவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"படத்துல குறை ஒண்ணும் இல்லக்கா. ஆளைத்தான் எங்க பதிவுல காணோம்."

"என்ன தம்பி விளையாடறியா? இருபத்தெட்டு வருஷமா ஓட்டுப் போடறேன்!"

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தான். "அதை இங்க சத்தமா சொல்லாதீங்கக்கா. குடியுரிமை இல்லாதவங்க ஓட்டுப் போட்டா அது தனி கேஸ்."

அடக் கடவுளே! வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டதும் குற்றமா? வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். திருப்பி அனுப்புவார்களாமே, அந்த நாட்டில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அவளுக்கு வார்த்தை தெரியாது.

அவளிடம் படம் எடுத்துக்கொண்ட ஒரு வக்கீலம்மாதான் விஷயத்தைப் பிரித்துச் சொன்னாள். தத்துக் கொடுத்த கோர்ட் உத்தரவு உறவுக்கு மட்டும்தான். குடியுரிமைக்கு அப்பா தனியாக ஒரு மனுப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பிற்பாடு சட்டத்தை மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாகவே வந்துவிடும், ஆனால் சட்டம் அமலுக்கு வந்த அன்று பதினெட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

"அன்னிக்கு எனக்கு?"

வக்கீலம்மா விரல் விட்டு எண்ணினாள். "பதினெட்டு முடிஞ்சு பன்னெண்டு நாள்."

போட்டோக்காவும் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் கழித்துப் பிறந்திருந்தால் இந்த ஊர்க்காரி.

வழி ஒன்று இருந்தது. அப்படி விடுபட்டவர்களுக்காகப் புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறது. தத்தெடுத்தவர் உயிரோடு இருந்தால் அவர் கையாலேயே நிரப்பி, அன்று ஏன் மனுப் போடவில்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரிசை எண் போட்ட படிவம், ஒருவருக்கு மூன்றுதான். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. வக்கீலம்மா மூன்றையும் வாங்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, என்னைக் கூட்டிட்டு வந்த புதுசுல குடியுரிமைக்குன்னு ஏதாவது தாள் வந்துச்சா?"

"வந்துச்சே. கிழிச்சுப் போட்டேன்."

இப்படிப் பச்சையாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"என்ன முழிக்கிற? கோர்ட்ல நீதிபதி என்ன சொன்னார்? இன்னியிலேர்ந்து இவ உங்க மகள்னு சொன்னார். பெத்த பொண்ணுக்கு எவனாவது போய், 'ஐயா, இவளை இந்த ஊர்ல இருக்க விடுங்க'ன்னு மனுப் போடுவானா? உங்கம்மா போடுங்க போடுங்கன்னு உயிரை எடுத்தா. நான் முடியாதுன்னுட்டேன். அப்புறம் பாரு, சட்டமே என் பக்கம் வந்துச்சு!" அலமாரியைத் திறந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். தத்துப் பிள்ளைகளுக்கு இனி தானாகவே குடியுரிமை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே வயது வரம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கத்தரி ஓடியிருந்தது.

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த மனிதரை என்னதான் செய்வது! கடிதத்தை எடுத்து வரி விடாமல் படித்துக் காட்டினாள்.

"திருப்பி அனுப்பறதா? யாரை? என் பொண்ணையா?" எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா, நானா... நானா பண்ணேன் இதை?"

மறுநாள் கடைக்கு நாலு பேர் வந்தார்கள். உரிச்சு வச்சிருக்கா என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

படிவம் நிரப்ப வக்கீலம்மா கடைக்கே வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கையெழுத்துக் கட்டம் வரும்வரை. கட்டத்துக்கு மேலே 'வளர்ப்புத் தந்தை' என்று அச்சிட்டிருந்தது. அப்பா 'வளர்ப்புத்' என்பதை ஒரே கோடாக இழுத்து அடித்தார்.

"ஐயோ பெரியவரே!" என்று வக்கீலம்மா தலையில் கைவைத்தாள்.

"பின்ன என்னம்மா? வளர்ப்பு நாய், வளர்ப்புப் பூனைங்கற மாதிரி. நான் என்ன நாய்க்குட்டியா வளர்த்தேன்?"

அடுத்த வாரம் சத்தியம் செய்துவிட்டு இரண்டாவது படிவத்தில் உட்கார்ந்தார். சத்தியத்தை மீறவில்லை, எதையும் அடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு மேலே பொடி எழுத்தில் 'பெற்ற' என்று எழுதி வைத்திருந்தார். வக்கீலம்மா கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். மூன்றாவது படிவத்தை வெளியில் எடுக்கவே போட்டோக்காவுக்குப் பயமாக இருந்தது. இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

எண்பத்தேழாம் நாள் காலை வக்கீலம்மாவைக் கெஞ்சி வரவழைத்தாள். கடைக் கதவைச் சாத்தினாள். அப்பாவின் விரல்களுக்கிடையில் பேனாவை வைத்தாள். பெயர், விலாசம், தேதி எல்லாம் வந்தது. அன்று ஏன் மனுப் போடவில்லை என்ற கேள்வியில் அவர் நெடுநேரம் நின்றார். மறதி என்று எழுதச் சொன்னாள் வக்கீலம்மா. "நான் மறக்கல" என்றார். பிறகு எழுத்துக் கூட்டி எழுதினார்: 'என் மகள் என்பதால்.' வக்கீலம்மா படித்துவிட்டு, "இருக்கட்டும், அதுவே போதும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

பேனா கையெழுத்துக் கட்டத்துக்கு வந்து நின்றது. அவர் கண் அந்த ஒரு சொல்லிலேயே குத்திட்டிருந்தது. பேனா முனை மெல்ல மேலே நகர்ந்தது.

போட்டோக்கா எட்டி மேஜையிலிருந்த கறுப்பு அட்டையை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள். முகத்தை உட்கார வைப்பதுபோல இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். ஜன்னலுக்குள் 'தந்தை' என்ற சொல்லும் அதன் கீழே வெற்று இடமும் மட்டும் தெரிந்தன.

"இப்போ போடுங்கப்பா. அசையாம."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து போட்டார். மை காயும்வரை அட்டையின் இரண்டு ஓரத்தையும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு அவள் நின்றாள்.